அம்மாவின் அலைபேசியில் ஓர் அம்புக்குறி: திரையின் மேல்வரிக் குறிகளை எப்படிப் படிப்பது?

வைகைக்கரை | ஞாயிறு, இரவு 9:10

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 71. மானாமதுரையில் தனியாக இருக்கிறார். வியாழக்கிழமையிலிருந்து அவருடைய எண்ணுக்கு நான் அழைத்தால் எனக்கு மணி ஒலிப்பது கேட்கிறது. ஆனால் அவர் எடுப்பதே இல்லை. ஒருமுறை யாரோ ஓர் ஆண் எடுத்து, நான் பேசத் தொடங்கியதும் துண்டித்துவிட்டார். அம்மாவோ வழக்கம்போல் மாலையில் தாமே என்னை அழைத்துப் பேசுகிறார். ஏன் எடுக்கவில்லை என்று கேட்டால், "போனே அடிக்கலையேம்மா, அடிச்சா எடுக்க மாட்டேனா" என்கிறார்.

இன்று நேரில் வந்து பார்த்தேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ஆண்ட்ராய்டு அலைபேசி. திரையின் மேல்வரியில், சிக்னல் கோடுகளுக்குப் பக்கத்தில், பழைய தொலைபேசியின் கைப்பிடி போன்ற ஒரு சிறிய உருவமும் அதையொட்டி ஓர் அம்புக்குறியும் தெரிகின்றன. அதைத் தவிர ஒரு சாவி, நடுவில் கோடு போட்ட ஒரு வட்டம், வைஃபை விசிறியின் ஓரத்தில் ஓர் ஆச்சரியக்குறி ஆகியவையும் இருக்கின்றன. அம்மா அவற்றை விரலால் தொட்டுக் காட்டி, "இந்தப் பொட்டெல்லாம் நான் வைக்கலம்மா, அதுவா வந்திருக்கு" என்றார். எனக்கும் விடை தெரியவில்லை. நேரத்தையும் பேட்டரியையும் பார்ப்பதற்காக ஒரு நாளைக்கு நூறு முறையாவது அந்த வரியைப் பார்க்கிறேன். மற்றக் குறிகள் எதையும் நின்று படித்ததில்லை.

இவற்றுள் எது சாதாரணம், எதைப் பார்த்து அஞ்ச வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கடைத்தெரு | ஞாயிறு, இரவு 9:32

அம்மா, மற்றக் குறிகளைப் பிறகு பார்க்கலாம். முதலில் அந்தக் கைப்பிடியும் அம்பும். அது அழைப்புத் திசைதிருப்பலின் குறி, அதாவது கால் ஃபார்வர்டிங். உங்கள் அம்மாவின் எண்ணுக்கு வரும் எல்லா அழைப்புகளும் அவருடைய கருவியைத் தொடாமலேயே வேறோர் எண்ணுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன என்று பொருள். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் அதனுடன் அப்படியே பொருந்துகின்றன: உங்களுக்கு மணி கேட்கிறது, அவருக்கு அடிக்கவில்லை, யாரோ எடுக்கிறார்.

நான் அலைபேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன். இதே நிலையில் வரும் கருவிகளை அடிக்கடி பார்க்கிறேன். பெரும்பாலும் நடப்பது இதுதான். கூரியரிலிருந்து பேசுகிறேன், பொருளைக் கொண்டு வருபவரின் எண்ணைத் தருகிறேன், இதை அப்படியே அழுத்துங்கள் என்று ஒருவர் சொல்லுவார். அவர் சொல்லும் எண்ணின் தொடக்கத்தில் *401* அல்லது *21* போன்ற ஒரு குறியீடு இருக்கும். அதை அழுத்தி அழைத்தவுடன் திசைதிருப்பல் நடைமுறைக்கு வந்துவிடும். அதன்பின் வாட்ஸ்அப் கணக்கை அவர் தம் கருவியில் திறக்க முயன்று, சரிபார்ப்பு எண்ணைக் குரல் அழைப்பாகக் கேட்பார். அந்த அழைப்பு நேராக அவருக்கே போய்ச் சேரும். குறுஞ்செய்திகள் இவ்வாறு திசைமாறுவதில்லை, குரல் அழைப்புகள் மட்டுமே மாறும் என்பது ஓரளவு ஆறுதல். இந்த மோசடி பெருகியதால்தான், யூஎஸ்எஸ்டி, அதாவது * அல்லது # சேர்த்து அழுத்தும் குறியீட்டின் வழியாகத் திசைதிருப்பும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தி வைக்குமாறு அலைபேசி நிறுவனங்களுக்குத் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. ஆனாலும் கடைக்கு வருபவர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

இப்போதே அம்மாவின் கருவியில் *#21# என்று அழுத்தி அழையுங்கள். குரல் அழைப்புகள் எந்த எண்ணுக்குப் போகின்றன என்று திரையில் வரும். அந்தத் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். அடுத்து ##002# என்று அழுத்தி அழைத்தால் எல்லா வகைத் திசைதிருப்பலும் நீங்கிவிடும். கருவியை அணைத்துப் போடுவதாலோ வேறு கருவிக்குச் சிம்மை மாற்றுவதாலோ இது போகாது. ஏனென்றால் இந்த ஆணை கருவியில் இல்லை, நிறுவனத்தின் வலையமைப்பில் பதிந்திருக்கிறது.

வைகைக்கரை | ஞாயிறு, இரவு 10:05

ஐயா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். எங்களுக்குத் தெரியாத ஒரு பத்து இலக்க எண் வந்தது. படம் எடுத்துக்கொண்டு ##002# அழுத்தினேன். அரை நிமிடத்தில் அந்த அம்பு மறைந்துவிட்டது. என் அலைபேசியிலிருந்து அழைத்துப் பார்த்தேன். அம்மாவின் கருவி அவர் மடியிலேயே மணியடித்தது. நான்கு நாளாக அந்த ஓசையைக் கேட்காதவர், சட்டென்று எடுத்துக் காதில் வைத்து, எதிரில் உட்கார்ந்திருக்கும் என்னிடமே "சொல்லும்மா" என்றார்.

விசாரித்தபோது, புதன்கிழமை ஒருவர் பார்சல் வந்திருப்பதாகப் பேசியதையும், அவர் சொன்ன எண்ணை நாட்காட்டித் தாளில் எழுதிவைத்து அழுத்தியதையும் சொன்னார். தாள் அங்கேயே இருந்தது. எண்ணுக்கு முன்னால் ஒரு நட்சத்திரமும் 21-உம் அம்மாவின் கையெழுத்தில் தெளிவாக இருந்தன. வாட்ஸ்அப்பில் ஆறு இலக்க ரகசிய எண் முன்பே போட்டுவைத்திருந்ததால் கணக்கு தப்பியது. இணையக் குற்றப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்துப் புகாரும் பதிவு செய்துவிட்டேன்.

ஒரே ஒரு சந்தேகம். அந்த அம்பு இல்லையென்றால் திசைதிருப்பல் இல்லை என்று உறுதியாக நம்பலாமா?

கடைத்தெரு | ஞாயிறு, இரவு 10:21

நம்பக் கூடாது. எல்லா அழைப்புகளையும் நிபந்தனையின்றித் திருப்பினால்தான் பெரும்பாலான கருவிகளில் அந்தக் குறி வரும். பேசிக்கொண்டிருக்கும்போது, எடுக்காதபோது, தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கும்போது மட்டும் திருப்புமாறு அமைத்திருந்தால் குறி தெரியாது. சில கருவிகளில் முழுத் திருப்பலுக்கே குறி காட்டுவதில்லை. குறி இருந்தால் கட்டாயம் விசாரியுங்கள். இல்லாவிட்டாலும் ஐயம் வந்தால் முழுத் திருப்பலுக்கு *#21#, நான் சொன்ன மூன்று நிபந்தனைகளுக்கு முறையே *#67#, *#61#, *#62# என்று அழுத்திப் பாருங்கள். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள சக்ஷு பகுதியில் அந்த மோசடி எண்ணையும் தெரிவித்துவிடுங்கள்.

தென்னங்கீற்று | திங்கள், காலை 6:48

அம்மாவுக்கு நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி. இருந்தாலும் நான் வேறொரு கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். வயதானவர்களுக்கு இந்தக் குறிகளையெல்லாம் கற்பிக்க வேண்டும் என்று நினைப்பது அவர்களுக்குச் சுமையைக் கூட்டுவதாகும் என்று எனக்குத் தோன்றுகிறது. என் மாமனாருக்கு நான் வாங்கித் தந்த கருவியில் எளிய முகப்பை வைத்து, மேல்வரியில் முடிந்தவரை எல்லாவற்றையும் மறைத்துவிட்டேன். நேரம், பேட்டரி, சிக்னல் ஆகிய மூன்று போதும். முன்பு நோக்கியாவில் சிக்னல் ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கம், நடுவில் ஓர் உறை, அவ்வளவுதானே இருந்தது? நாம் யாரும் எதையும் படித்துக் கற்கவில்லையே.

கடைத்தெரு | திங்கள், காலை 8:15

மன்னிக்க வேண்டும் ஐயா, அந்த நோக்கியா உறையே இரண்டு செய்தி சொல்லியது. அசையாமல் நின்றால் புதிய குறுஞ்செய்தி. விட்டுவிட்டு மின்னினால் நினைவகம் நிரம்பிவிட்டது, இனி செய்தி வராது. அது தெரியாமல், செய்தியே வரவில்லை, சிம் கெட்டுவிட்டது என்று புதுச் சிம் வாங்கியவர்கள் எத்தனையோ பேர். பத்துப் பழைய செய்திகளை அழித்துக் கொடுத்தால் வரிசையாகப் புதியவை வந்து விழும். எனவே அன்றும் படிக்க வேண்டித்தான் இருந்தது.

மறைத்து வைத்திருந்தால் இந்த அம்மாவின் கருவியில் அம்பு யார் கண்ணிலும் பட்டிருக்காது. மகள் வந்து பார்த்தபோது அந்தக் குறி இருந்ததால்தான் கேள்வியே எழுந்தது.

கோபுரத்தடி | திங்கள், பிற்பகல் 1:30

நான் அலைபேசிக் கோபுரங்களின் வானலைக் கருவிகளைப் பராமரிக்கும் பணியில் இருக்கிறேன். தென்னங்கீற்று ஐயா போதும் என்று சொன்ன மூன்றில் ஒன்றான சிக்னல் கோடுகளே அதிகமாகத் தவறாகப் படிக்கப்படும் குறி என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

கோடுகளுக்கென்று எல்லா நிறுவனங்களும் ஒப்புக்கொண்ட அளவுகோல் எதுவும் இல்லை. கருவிக்குள் உண்மையில் அளக்கப்படுவது டிபிஎம் என்னும் அலகிலான ஓர் எண். அது எப்போதும் கழித்தல் குறியோடு இருக்கும். 4ஜியில் −80 என்றால் மிக நல்லது, −110-க்குக் கீழே போனால் பலவீனம். இந்த அலகு நேர்விகிதத்தில் ஏறி இறங்குவது அன்று. ஒவ்வொரு 10 குறையும்போதும் வந்து சேரும் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகிறது. ஆகவே −80-க்கும் −110-க்கும் இடையே ஆயிரம் மடங்கு வேறுபாடு. இந்த ஆயிரம் மடங்கை நான்கு கோடுகளுக்குள் எப்படிப் பங்கிடுவது என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தாமே முடிவு செய்கிறார். ஒரே மேசையில் ஒரே நிறுவனச் சிம்முடன் இரண்டு கருவிகளை வைத்தால் ஒன்றில் இரண்டு கோடும் மற்றொன்றில் நான்கு கோடும் தெரிவது இதனால்தான்.

இதற்கு வெளிப்படையான சான்றும் உண்டு. 2010-இல் ஐபோன் 4 வெளிவந்து, கையில் ஒரு விதமாகப் பிடித்தால் கோடுகள் சரிகின்றன என்ற புகார் எழுந்தபோது, கோடுகளைக் கணக்கிடும் தன் சூத்திரமே முற்றிலும் தவறானது என்றும், பல இடங்களில் இருக்க வேண்டியதைவிட 2 கோடுகள் கூடுதலாகக் காட்டி வந்தது என்றும் ஆப்பிள் நிறுவனம் அந்த ஜூலையில் ஒப்புக்கொண்டது. பிறகு வந்த மென்பொருள் திருத்தத்தில் கணக்கை மாற்றியதோடு, முதல் மூன்று கோடுகளின் உயரத்தையும் சற்றுக் கூட்டினார்கள். கோபுரம் அதே கோபுரம்தான், மாறியது படம் மட்டுமே. உண்மையான எண் வேண்டுமென்றால், ஆண்ட்ராய்டு அமைப்புகளில் மொபைல் அறிமுகம் என்ற பகுதிக்குள் சிம் நிலையைத் திறந்தால் பெரும்பாலான கருவிகளில் பார்க்கலாம்.

இரண்டாவது, கோடுகள் கோபுரத்தின் குரல் எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை மட்டுமே சொல்கின்றன. அந்தக் கோபுரத்தை எத்தனை பேர் ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதைச் சொல்வதில்லை. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் ஆற்றில் இறங்கும் விடியலில் வைகைக் கரையில் நின்றவர்களுக்கு இது நன்றாகப் புரியும். நான்கு கோடும் நிமிர்ந்து நிற்கும். ஒரு படம் அனுப்பினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். சிக்னலில் குறை இல்லை, இடம்தான் இல்லை. நிரம்பி வழியும் பேருந்து உங்கள் நிறுத்தத்தில் தவறாமல் வந்து நிற்கிறது, ஏறத்தான் முடியவில்லை என்பது போன்ற நிலை அது. அங்கே கருவியை அணைத்து அணைத்துப் போடுவதால் பயனில்லை. அப்படி ஆயிரக்கணக்கானோர் செய்யும்போது மீண்டும் பதிவுசெய்து கொள்ளும் கோரிக்கைகளே கோபுரத்துக்குக் கூடுதல் சுமையாகின்றன. ஐந்து நிமிடம் கரையிலிருந்து உள்தெருவுக்கு நடந்தால் வேறு கோபுரத்தின் எல்லைக்குள் வந்துவிடுவீர்கள்.

வைகைக்கரை | திங்கள், மாலை 7:02

இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. கோடுகளை அம்மா படிக்கட்டு என்கிறார். "படிக்கட்டு முழுசா இருக்கு, ஆனா உங்க அண்ணன் மூஞ்சி மட்டும் நின்னு நின்னு வருது" என்று காணொளி அழைப்பைப் பற்றிச் சொன்னதன் காரணம் இப்போது புரிகிறது. கோடுகளுக்குப் பக்கத்தில் சில நேரம் 4ஜி என்றும், சில நேரம் 5ஜி என்றும், அபூர்வமாக ஆங்கில எழுத்து ஈ மட்டும் தனியாகவும் வருகின்றன. அவை வேகத்தையா குறிக்கின்றன?

கோபுரத்தடி | திங்கள், இரவு 8:40

அவை வேகத்தை அல்ல, தொழில்நுட்பத் தலைமுறையைக் குறிக்கின்றன. ஈ என்பது எட்ஜ், 2ஜியின் இறுதிக் கட்டம். அதில் காணொளியை எதிர்பார்க்க முடியாது, குறுஞ்செய்தியும் பேச்சும் நடக்கும். எச், எச் பிளஸ் ஆகியவை 3ஜியின் பிற்கால வடிவங்கள். எல்டிஇ என்றாலும் 4ஜி என்றாலும் நடைமுறையில் ஒன்றே.

5ஜி குறி பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தியாவில் 5ஜி சேவை 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. அதை நிறுவ இரண்டு வழிகள் இருக்கின்றன. முழுவதும் தனித்து இயங்கும் 5ஜி ஒன்று. ஜியோ அதைத் தேர்ந்தெடுத்தது. 4ஜியை ஊன்றுகோலாகப் பிடித்துக்கொண்டு இயங்கும் 5ஜி மற்றொன்று. ஏர்டெல் அந்த வழியில் தொடங்கியது. இரண்டாவது வகையில் உங்கள் கருவி உண்மையில் 4ஜியில் உட்கார்ந்திருக்கும். தரவு நிறையத் தேவைப்படும்போது மட்டும் 5ஜி இணைப்பு கூடுதலாகச் சேரும். ஆனால் இந்தக் கோபுரம் 5ஜி சேர்க்கக்கூடியது என்ற அறிவிப்பைக் கேட்டாலே சில கருவிகள் குறியைக் காட்டிவிடும். அந்த நொடியில் ஒரு பைட் கூட 5ஜியில் வராமல் இருக்கலாம். ஆகவே அந்தக் குறியை, இங்கே கிடைக்கக்கூடும் என்ற அறிவிப்பாகப் படிப்பதே சரி.

எழுத்துகளைவிட முக்கியமானது என்று நான் கருதுவது வோல்ட்டி குறியை. சில கருவிகளில் அது எச்டி என்று வரும். 4ஜி முதலில் தரவுக்காகவே கட்டப்பட்டது. பேச்சையும் அதே தரவுப் பாதையில் அனுப்பும் முறையே வோல்ட்டி. 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கியபோது அதற்கு 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. அதனால் வோல்ட்டி இயங்காத கருவியில் இணையம் வரும், நேரடியாகப் பேச முடியாது. மற்ற நிறுவனங்களில் வோல்ட்டி இல்லையென்றால் அழைப்பு வரும்போது கருவி 2ஜிக்கு இறங்கிப் பேசிவிட்டுத் திரும்பும். அந்தச் சில நொடிகளில்தான் மேலே ஈ என்று தோன்றி மறைகிறது. உங்கள் அம்மாவின் ஈ அனேகமாக அதுவாக இருக்கலாம். அமைப்புகளில் சிம் பகுதியில் வோல்ட்டி இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

தடித்த சுவருள்ள பழைய வீடாக இருந்தால் வைஃபை அழைப்பையும் இயக்கி வையுங்கள். இந்தியாவில் 2019 டிசம்பரில் ஏர்டெல்லும் அதற்கு அடுத்த மாதம் ஜியோவும் தந்த வசதி இது. கோபுரத்தின் குரல் வீட்டுக்குள் எட்டாதபோது அழைப்பு வீட்டு இணையத்தின் வழியே வரும். மேல்வரியில் கைப்பிடியோடு வைஃபை விசிறி சேர்ந்த ஒரு குறி தோன்றும். அம்புக்குறியால் அஞ்சியிருக்கும் அம்மாவுக்கு இந்தக் கைப்பிடி வேறு, அந்தக் கைப்பிடி வேறு என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

உட்லண்ட்ஸ்வாசி | செவ்வாய், காலை 7:20

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். வோல்ட்டி பற்றிப் படித்தவுடன் சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் நடந்தது நினைவுக்கு வந்தது. பேரக்குழந்தையைப் பார்க்கத் தஞ்சாவூரிலிருந்து அப்பா வந்திருந்தார். வெளிநாட்டுச் சேவைக்குப் பணம் கட்டிய இந்தியச் சிம். சாங்கி விமான நிலையத்தில் கோடுகள் எல்லாம் நிறைந்து, பக்கத்தில் ஆர் என்ற எழுத்தும் வந்துவிட்டது. ஆனால் ஓர் அழைப்பும் போகவில்லை. அரை மணி நேரம் நான் ஒரு வாயிலிலும் அவர் ஒரு வாயிலிலும் நின்றுகொண்டிருந்தோம்.

காரணம் பிறகுதான் விளங்கியது. இங்கே 2ஜி 2017 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது; 3ஜியும் 2024-இல் நிறுத்தப்பட்டது. பேச வேண்டுமென்றால் வோல்ட்டி ஒன்றே வழி. அப்பாவின் பழைய கருவியில் அது வெளிநாட்டு வலையமைப்பில் இயங்கவில்லை. கீழே இறங்கிப் பேசுவதற்கு 2ஜியும் 3ஜியும் இல்லாததால், நிறைந்த கோடுகளோடு கருவி ஊமையாக இருந்தது. பயணத்துக்கு முன் பெற்றோரின் கருவியில் மேல்வரியில் வோல்ட்டி குறி வருகிறதா என்று ஊரிலேயே பார்த்துவிடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

ஆர் என்ற எழுத்தைப் பார்த்தாலே பணம் போகிறது என்று அப்பா பயந்து கருவியை அணைத்து வைத்தார். அது நாம் வேறொரு நிறுவனத்தின் வலையமைப்பில் விருந்தாளியாக இருக்கிறோம் என்பதை மட்டுமே சொல்லுகிறது. தரவு ரோமிங்கை அணைத்து வைத்திருந்தால் இணையத்துக்காகப் பணம் போகாது.

விரல்வழி | செவ்வாய், பிற்பகல் 3:45

நான் பார்வையற்றவன், வங்கியில் பணிபுரிகிறேன். ஐபோனை வாய்ஸ்ஓவர் உதவியுடனும், அலுவலக ஆண்ட்ராய்டை டாக்பேக் உதவியுடனும் பயன்படுத்துகிறேன். இரண்டும் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்பவை. எனக்கு மேல்வரி என்பது படம் அன்று, கேட்கும் வாசகம். திரையின் உச்சியை ஒரு விரலால் தொட்டு வலப்பக்கம் தள்ளிக்கொண்டே போனால் நேரம், சிக்னலில் எத்தனை கோடு, வைஃபை, பேட்டரி எத்தனை விழுக்காடு என்று ஒவ்வொன்றாகச் சொல்லும். அதனால் ஒரு வேறுபாட்டை நான் உணர்கிறேன். பார்ப்பவர்கள் ஐந்து குறியையும் ஒரே பார்வையில் கடந்துவிடுகிறார்கள்; நான் ஒவ்வொன்றிலும் நின்றுதான் அடுத்ததற்குப் போக முடியும். அழைப்புத் திசைதிருப்பல் என்று ஒரு சொல் காதில் விழுந்திருந்தால் அன்றே நான் நின்றிருப்பேன். குறிகளின் பெயரை வாயால் சொல்லிப் பழகுவது பார்வையுள்ளவர்களுக்கும் உதவும் என்றே நினைக்கிறேன்.

இதுவரை யாரும் எழுதாத ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்: நிறப் புள்ளிகள். ஐபோனில் 2020-இல் வந்த ஐஓஎஸ் 14 முதல், ஏதேனும் ஒரு செயலி ஒலிவாங்கியைப் பயன்படுத்தினால் ஆரஞ்சுப் புள்ளியும், கேமராவைப் பயன்படுத்தினால் பச்சைப் புள்ளியும் வருகின்றன. ஆண்ட்ராய்டில் 2021-இன் 12-ஆம் பதிப்பு முதல் இரண்டுக்கும் பச்சைதான். முதலில் சிறிய படமாகத் தோன்றிப் பிறகு புள்ளியாகச் சுருங்கும். பேசிக்கொண்டிருக்கும்போது அது இருப்பது இயல்பு. பேச்சு முடிந்து, எந்தச் செயலியும் திறந்திராத நிலையிலும் இருந்தால் விசாரிக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் மேலிருந்து திரையை இழுத்து அந்தப் பச்சையைத் தொட்டால் எந்தச் செயலி என்று பெயர் வரும். ஐபோனில் கட்டுப்பாட்டு மையத்தின் உச்சியில் பெயர் இருக்கும். நான் அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன்.

பச்சையையும் ஆரஞ்சையும் வேறுபடுத்த முடியாத நண்பர் ஒருவருக்கு நான் சொல்லிக் கொடுத்த ஒன்றையும் எழுதிவிடுகிறேன். ஐபோனின் அணுகல்தன்மை அமைப்புகளில் நிறமின்றி வேறுபடுத்தும் தெரிவை இயக்கினால் ஆரஞ்சுப் புள்ளி சதுரமாகிவிடும். ஒரு வட்டத்தைச் சதுரமாக்கியது சிறிய திருத்தம்தான். அவருக்கு அது தன் கருவியைத் தானே நம்பலாம் என்ற நிம்மதியைத் தந்தது.

தென்னங்கீற்று | செவ்வாய், இரவு 9:00

என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். மாமனாரின் கருவியில் மறைத்தவற்றை இன்று மாலை திரும்ப வைத்துவிட்டேன். வைத்தவுடன் நடுவில் கோடு போட்ட வட்டம் தென்பட்டது. தொந்தரவு செய்ய வேண்டாம் என்ற நிலை எப்போதோ கைபட்டு இயங்கியிருக்கிறது. நாங்கள் அழைத்தால் அவர் எடுப்பதில்லை என்று பல வாரங்களாக வருந்திக்கொண்டிருந்தோம். காது மந்தமாகிவிட்டது என்று மருத்துவரிடம் அழைத்துப் போகவும் நாள் குறித்திருந்தோம்.

கடைத்தெரு | புதன், காலை 8:30

வைகைக்கரை அம்மா கேட்ட அந்த வட்டமும் அதுதான். ஐபோனில் பிறை நிலவாக வரும். அதை முழுவதும் அணைக்க மனமில்லையென்றால், திரும்பத் திரும்ப அழைப்பவரை அனுமதிக்கும் தெரிவை இயக்கி வையுங்கள்: ஆண்ட்ராய்டில் 15 நிமிடத்துக்குள் அதே ஆள் இரண்டாவது முறை அழைத்தால் மணி அடிக்கும், ஐபோனில் 3 நிமிடத்துக்குள் அழைக்க வேண்டும்.

சாவி என்பது விபிஎன். கருவியின் இணையப் போக்குவரத்து முழுவதும் ஒரு செயலியின் கை வழியாகப் போகிறது என்று பொருள். அலுவலகத்துக்காக நாமே போட்டிருந்தால் கவலை இல்லை. விளம்பரத் தடுப்பான்கள் சிலவும் இதே வசதியைப் பயன்படுத்துவதால் சாவி வரும். நாம் எதுவும் போடவில்லை, சாவி இருக்கிறது என்றால் அமைப்புகளில் விபிஎன் பகுதியைத் திறந்து செயலியின் பெயரைப் பார்த்து நீக்கிவிடுங்கள். வேகத்தைக் கூட்டும், பேட்டரியைச் சேமிக்கும் என்ற பெயரில் வரும் செயலிகளில் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

மழைக்காலம் என்பதால் இன்னொன்று. சாம்சங் கருவிகளில் நீர்த்துளிக் குறி வந்தால் சார்ஜ் செய்யும் துளையில் ஈரம் இருக்கிறது என்று பொருள். அப்போது வயரைச் செருகாதீர்கள். துளை கீழ்நோக்கி இருக்குமாறு பிடித்து மெல்லத் தட்டி, காற்றோட்டமான இடத்தில் வைத்துவிடுங்கள். அரிசிப் பானைக்குள் புதைக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்று கடைக்கு வருபவர்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அரிசித் துகள் துளைக்குள் போய்க் கெடுக்கும் என்று ஆப்பிள் நிறுவனமே தன் வழிகாட்டலில் சொல்லியிருக்கிறது. அப்படித் துளைக்குள் சிக்கிய குறுணையை ஊசியால் எடுத்துத் தந்திருக்கிறேன்.

கோபுரத்தடி | புதன், பிற்பகல் 2:10

எஞ்சியிருப்பது வைஃபை ஆச்சரியக்குறி. விசிறி என்பது கருவிக்கும் வீட்டிலுள்ள வைஃபை ரவுட்டர் பெட்டிக்கும் இடையிலான தொடர்பு மட்டுமே. பெட்டிக்கு அப்பால் இணையம் இருக்கிறதா என்று அறிய, ஆண்ட்ராய்டு கூகுள் சேவையகம் ஒன்றிடம் சிறு கேள்வி அனுப்புகிறது. 204 என்ற எண்ணோடு வெற்றுப் பதில் வந்தால் எல்லாம் சரி. பதில் வராவிட்டாலோ வேறு பக்கம் வந்தாலோ ஆச்சரியக்குறி. ரயில் நிலைய வைஃபையில் எண்ணைப் பதிவு செய்யும்வரை இந்தக் குறி இருப்பது அதனால்தான். வீட்டில் இது வந்தால் கருவியைக் குறை சொல்லாமல் பெட்டியைப் பாருங்கள். எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் கண்ணாடியிழைக் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. சேவை தருபவரை அழைக்க வேண்டியதுதான்.

வைகைக்கரை | சனி, இரவு 8:25

அனைவருக்கும் நன்றி. சாவி, அண்ணன் மகன் விடுமுறையில் வந்தபோது போட்ட விளையாட்டு வேகச் செயலி ஒன்றால் வந்தது, நீக்கிவிட்டோம். வட்டத்தை அணைத்தாயிற்று; என் எண் அதில் விதிவிலக்காக இருந்ததால்தான் அன்று எனக்கு மணி அடித்திருக்கிறது. வோல்ட்டியும் இயக்கத்தில் இருக்கிறது.

விரல்வழி ஐயா சொன்னபடி பெயர் சொல்லிப் பழகினோம். பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் அம்மா தம் கையாலேயே உருவங்களை வரைந்து, தமக்குத் தோன்றிய பெயரை எழுதியிருக்கிறார். படிக்கட்டு, விசிறி, சாவி, பச்சைப் பொட்டு. அம்போடு கூடிய கைப்பிடிக்குப் பக்கத்தில் "மகளுக்குச் சொல்லு" என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறார்.

நேற்று மாலை அவரே அழைத்து, "விசிறியில ஆச்சரியக்குறி வந்திருக்கு, பெட்டியில சிவப்பு எரியுது, ஆளைக் கூப்பிடவா" என்று கேட்டார். சாலையில் குழி தோண்டியதில் கம்பி அறுந்திருந்தது. இன்று நண்பகல் சரிசெய்துவிட்டார்கள்.

ஒன்றே ஒன்றுக்கு இன்னும் விடை தெரியவில்லை. இரவானால் படிக்கட்டின் ஓரத்தில் சிறிய பெருக்கல் குறி வருவதாகச் சொல்கிறார். காலையில் இருப்பதில்லையாம்.

கோபுரத்தடி | சனி, இரவு 8:51

சில கருவிகளில் மொபைல் டேட்டா அணைந்திருந்தால் அந்தப் பெருக்கல் குறி வரும். பேச்சுக்கு ஒரு தடையும் இல்லை. இரவில் யாராவது அணைக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

வைகைக்கரை | சனி, இரவு 9:04

கேட்டேன். ஒன்பது மணிக்குக் கதவைத் தாழிட்டு, அடுப்பை ஒருமுறை பார்த்துவிட்டு, டேட்டாவையும் அணைத்துவிட்டுத்தான் படுக்கிறாராம். பெருக்கல் குறியையும் தாளில் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.